மெழுகேறிய வாசற்படி

கல்லுக்கு வாய் கிடையாது என்று சொல்கிறவர்கள் ஒரு நாள் கல் பட்டறையில் வந்து உட்கார்ந்து பார்க்க வேண்டும். அறுப்பு மெஷினில் கொடுத்தால் தெருக்கோடி வரைக்கும் கேட்கும்படி கத்தும். உளியை வைத்தால் முனகும். நெருப்பைக் காட்டினால் கடுகு பொரிவதுபோல் மேல்தோல் சடசடவென்று தெறிக்கும். மெருகு போடும்போது மட்டும்தான் அடங்கிப்போய், தண்ணீருக்கு அடியில் உறுமிக்கொண்டு கிடக்கும். அந்த உறுமலிலேயே காலம் போய்விட்டதாலோ என்னவோ, அங்கே மெருகு போடுகிறவரும் அதிகம் வாய் திறக்காதவராக ஆகிவிட்டார். பட்டறையில் எல்லாருக்கும் அவர் மெருகண்ணன். அவரைவிட வயதில் மூத்த லாரிக்காரருக்கும் மெருகண்ணன்தான்.

வாய் திறக்காத அந்த மனிதர் ஒரு தடவை வேண்டாத இடத்தில் வாயைத் திறந்துவிட்டார். அதுதான் இப்போது அவரை ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன விடாமல் படுத்திக்கொண்டிருந்தது.

அன்றைக்கு ஒரு சமையல் மேடைக்கான கறுப்புக் கல் அவர் கையில் இருந்தது. நல்ல கல். எண்ணெய் கொட்டினாலும் புளி கொட்டினாலும் துடைத்தால் போயிற்று. பளிங்கு அப்படி இல்லை, பார்க்கத்தான் பவிசு. எலுமிச்சம்பழம் ஒரு சொட்டு விழுந்தால் மூஞ்சி வெளுத்துவிடும். மணற்கல்லோ எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் குடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று கேட்கும். மெருகண்ணன் முதலில் முரட்டுச் சாணையை ஓட்டி, ரம்பம் போட்ட வரியை எடுத்தார். அப்புறம் அதைவிட மெல்லியது, அப்புறம் அதைவிட மெல்லியது. ஒவ்வொரு தடவையும் சாம்பல் நிறச் சேற்றைத் தள்ளிவிட்டு, புறங்கையால் தடவிப் பார்த்தார். உள்ளங்கை காய்த்துப்போய்விட்டதால் அதற்கு ஒன்றும் தெரியாது. கடைசியில் மெருகு மாவு போட்டு ஓட்டியதும் கூரைத் தகரம் கல்லுக்குள் தெரிந்தது. கூடவே அவர் முகமும் தெரிந்தது. மற்ற நாளாக இருந்தால் மீசையை ஒதுக்கிக்கொண்டு ஒரு பார்வை பார்த்திருப்பார். இன்றைக்குத் துணியைப் போட்டு மூடினார்.

டீ வந்தது. கூடவே கொத்தனாரும் வந்தார். மெருகண்ணனின் அக்கா வீட்டுக்குத் தரையும் படியும் பதித்தவர் அவர்தான். பன்னை டீயில் முக்கிக்கொண்டே கேட்டார்.

"அக்காவுக்கு இப்ப எப்படி இருக்கு?"

"இடுப்பு எலும்புல கம்பி வச்சிருக்காங்க. வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாச்சு. நடக்கத்தான் நாளாகும்."

"எங்க விழுந்தாங்க?"

தெரிந்துகொண்டே கேட்கிறாரா என்று மெருகண்ணனுக்குச் சந்தேகம். "வெளிப்படில" என்றார்.

"மழையிலயா?"

"தூறல்தான். மருமக படிக்குச் சோப்புத்தூள் போட்டுத் தேச்சிருக்கா. சொன்னா கேக்கறதில்ல."

கொத்தனார் கையில் ஊறிப்போன பன் டீக்குள் உடைந்து விழுந்தது. அதை விரலால் மீட்டுக்கொண்டே, "அந்தக் கல்லைப் பதிக்கறப்பவே எனக்கு மனசு ஒப்பல. வெளிப்படிக்கு மெருகு போட்ட கல்லை நான் யாருக்கும் வச்சதில்ல. நீங்க பாத்துக்கறேன்னு சொன்னீங்க, சரி, உங்களுக்குத் தெரியாததான்னு விட்டுட்டேன்" என்றார்.

"வெறும் மெருகுல அப்படியெல்லாம் வழுக்காது. சோப்பு பட்டாத்தான் வழுக்கும்."

"நீங்க சொன்னா சரிதான் அண்ணே" என்று கொத்தனார் எழுந்து போனார். அந்த 'சரிதான்' மெருகண்ணனின் தொண்டையில் மீன்முள்ளாகக் குத்திக்கொண்டு நின்றது.

நடந்தது இதுதான். அக்கா மகன் வீடு கட்டினான். பம்ப்செட் பழுது பார்க்கிறவன், காசு அருமை தெரிந்தவன், ஆனால் கல் வேலைக்கு மட்டும் மாமாதான் என்று ஒரே பிடியாக நின்றான். உள்ளே முழுக்க மெருகு, வெளிப்படிக்கு நெருப்புக் காட்டிய கல் என்று அவனே சொல்லிவிட்டுப் போனான். மெருகண்ணனும் மாதிரிக்கு ஒரு துண்டில் நெருப்பைக் காட்டி, சொரசொரவென்று பொரிய விட்டு வைத்திருந்தார். அக்கா ஒருநாள் பட்டறைக்கு வந்து அதைப் பார்த்தாள்.

"என்னடா இது, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி?"

"வெளிப்படிக்கு இதுதான்க்கா. மழையில கால் நிக்கும்."

"ஊருக்கெல்லாம் கண்ணாடி மாதிரி போட்டுக் குடுக்கறவன், அக்கா வீட்டுக்கு அம்மைத் தழும்பு போட்டுக் குடுப்பியா? வர்றவங்க கண்ணு முதல்ல படியிலதான் விழும். மெருகண்ணன் அக்கா வீடுன்னு தெரிய வேணாமா?"

அக்கா ஒன்று கேட்டு இல்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவர் அவர். அம்மா போன பிறகு அவரைத் தூக்கி வளர்த்தவள் அவள்தான். தன் தட்டில் இருந்த முட்டையில் மஞ்சள் கருவை அவருக்குக் கொடுத்துவிட்டு, எனக்கு வெள்ளைதான் பிடிக்கும் என்று சாதித்தவள். அப்புறம் வெளிப்படியும் கண்ணாடியாகிவிட்டது. அதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. குடிபோவதற்கு முந்தின நாள், பதித்த கல்லில் சிமெண்டு மங்கல் தெரிகிறது என்று அக்கா முகத்தைச் சுளித்தாள். பட்டறையில் காட்சிக்கு நிறுத்தும் கல்லுக்குத் தேய்க்கிற மெழுகு டப்பா மெருகண்ணனின் பையில் இருந்தது. கால் வைக்கிற கல்லுக்கு அதைத் தொடவே கூடாது. அவர் தொட்டார். மூன்று படிக்கும் மெழுகை வைத்து, மூச்சு வாங்கத் தேய்த்தார். படி கருகருவென்று எழுந்து நின்றது. அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்த பார்வையில், செய்தது சரிதான் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

அக்கா விழுந்த அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா மகன் அவரைத் தனியாகக் கூப்பிட்டான். "மாமா, உள்ளதைச் சொல்லுங்க. படியில மெருகு போட்டதாலயா?"

"வெறும் மெருகுல வழுக்காதுடா" என்றார் அவர். "சோப்பு கீப்பு பட்டிருந்தாத்தான்."

சற்றுத் தள்ளி ஸ்ட்ரெச்சரில் கிடந்த அக்கா, வலியிலும் காதைத் தீட்டிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. "இவதான் தினம் சோப்புத்தூளைக் கொட்டித் தேய்க்கறாளே" என்று முனகினாள். அக்காவின் மருமகள் அங்கேயே நின்றிருந்தாள். தையல் கம்பெனியிலிருந்து ஓடி வந்தவள், தோளில் இன்னும் நூல் பிசிறு ஒட்டிக்கொண்டிருந்தது. "நான் படிக்குச் சோப்பே போடறதில்ல அத்தை. தண்ணிதான் ஊத்துவேன்" என்றாள். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மெருகண்ணன் சொல்லியாகிவிட்டது, கல்லைப் பற்றி அவருக்கு மேல் யார் இருக்கிறார்கள்?

அக்கா வாயிலும் சோப்பு என்ற வார்த்தையைக் கேட்டதும் தன் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்ததை நினைத்தால் மெருகண்ணனுக்கு இப்போதும் கூசியது. ஆனால் அதை அவர் உண்மை என்றே நம்பத் தொடங்கியிருந்தார். சோப்புப் போட்டுத் தேய்த்திருந்தால் மெழுகு என்றைக்கோ கரைந்து போயிருக்கும். அப்போது விழுந்ததற்கும் மெழுகுக்கும் என்ன சம்பந்தம்? இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டுதான் அவர் நாளை ஓட்டினார்.

வேலை முடிந்து ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனார். படி வழியாக ஏறவில்லை. பக்கத்துச் சந்தில் புகுந்து, கொல்லைக் கதவு வழியாகத் திருடன் மாதிரி உள்ளே நுழைந்தார்.

அக்கா முன் அறையில் படுத்திருந்தாள். படுத்த இடத்திலிருந்தே வீட்டை ஆண்டுகொண்டிருந்தாள்.

"வாடா. என்ன, கொல்லைப் பக்கமா வர்ற? கடன்காரன் எவனாவது வாசல்ல நிக்கறானா?"

"கால்ல சேறுக்கா."

"கால்ல சேறு இல்லாம நீ என்னிக்கு வந்திருக்க?" என்று சிரித்தாள். சிரித்ததும் இடுப்பு வலித்து முகம் கோணியது. "உக்காரு. டீ போடச் சொல்றேன். ஏம்மா, மாமா வந்திருக்காங்க பாரு. சர்க்கரை கம்மியா போடு, போன தடவை பாயசம் மாதிரி இருந்துச்சு."

அந்தப் பெண் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "வாங்க மாமா" என்றாள். மெலிந்திருந்தாள். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, அக்காவைப் புரட்டிப் படுக்க வைப்பது, உடம்பு துடைப்பது, படுக்கைத் தட்டு வைத்து எடுப்பது எல்லாம் அவள்தான். டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அக்காவின் தலையணையை நிமிர்த்தி, முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்துத் தூக்கினாள். அக்கா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு எழுந்தாள். உட்கார்ந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்கா மகன் வந்தான். கை கிரீஸைத் துடைத்துக்கொண்டே, மனைவி இருக்கும் பக்கம் பார்க்காமல், மாமாவிடம் பேசுவதுபோலச் சொன்னான்.

"நாளைக்குக் காலையில இவளைக் கொண்டுபோய் இவங்க அம்மா வீட்ல விட்டுட்டு வரலாம்னு இருக்கேன் மாமா. பக்கத்து ஊர்ல இருந்து அப்பா வழிப் பெரியம்மா வர்றாங்க, அம்மாவைப் பாத்துப்பாங்க."

"எதுக்குடா?"

"சோப்பு போட்டேன்னு ஒரு வார்த்தை ஒத்துக்கிட்டா நான் விட்டுடுவேன். தப்பு யாருக்கும் வர்றதுதான். இவ அதுக்கும் மசியமாட்டேங்கறா. அம்மா இடுப்பை ஒடச்சிட்டு, நான் போடவே இல்லைன்னு என் மூஞ்சிக்கு நேரா சாதிக்கறா. பொய் சொல்றவகூட நான் எப்படி மாமா குடித்தனம் பண்றது?"

அந்தப் பெண் வாசல் நிலையில் சாய்ந்து நின்றாள். "செய்யாததை எப்படி ஒத்துக்கறது?" என்றாள். குரல் உயரவில்லை. பலமுறை சொல்லித் தேய்ந்துபோன வார்த்தையாக அது வந்தது.

"பாத்தீங்களா?" என்றான் அவன்.

மெருகண்ணன் டீயை வாயில் வைத்தார். நாக்கு சுட்டது. வெளியே தகரத்தில் சொட்டுச் சொட்டாகச் சத்தம் கேட்டது. தூறல். சன்னலோரத் துணியை எடுக்கிறேன் என்று சாக்குச் சொல்லிவிட்டு அவர் வாசலுக்கு வந்தார்.

வீடு குடிபோன பிறகு அவர் அந்தப் படியை நின்று பார்த்ததே இல்லை. இப்போது குனிந்து பார்த்தார். மேல்படியில் விழுந்த மழை பரவவில்லை. சேம்பு இலையில் நிற்பதுபோல் முத்து முத்தாக, உருண்டையாக நின்றது. விரலால் ஒன்றைத் தள்ளினார். அது உருண்டோடி இன்னொன்றோடு சேர்ந்துகொண்டு அப்படியே நின்றது. இரண்டாவது படியிலும் அப்படித்தான். மூன்றாவதிலும் அப்படித்தான். அவர் தேய்த்த மெழுகு முழுசாக அப்படியே இருந்தது. ஒரு தரம் சோப்புத்தூள் போட்டு அழுத்தித் தேய்த்திருந்தாலே மெழுகு திட்டுத் திட்டாக விட்டுப்போய், தண்ணீர் பாயாக விரிந்திருக்கும். இந்தப் படி சோப்பைக் கண்ணால் பார்த்ததில்லை.

அந்தப் பெண் சொன்னது அவ்வளவும் நிஜம். அவர் சொன்னது அவ்வளவும் பொய். காலை ஊன்றிப் பார்த்தார். பெருவிரல் பிடிமானம் இல்லாமல் நழுவியது. நல்லவேளை நிலையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

உள்ளே போனபோது அக்கா மகன் கொல்லையில் குளித்துக்கொண்டிருந்தான். அந்தப் பெண் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தாள். மெருகண்ணன் அக்காவின் கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அக்கா, படியில சோப்பு படவே இல்ல."

அக்கா ஆரஞ்சை உரித்துக்கொண்டிருந்தாள்.

"நான் மெழுகு போட்டேன். கடைசி நாள். வெளிப்படிக்கு அது போடவே கூடாது. அதான் உன்னைத் தள்ளிவிட்டுச்சு."

"தெரியும்" என்றாள் அக்கா. ஒரு சுளையை எடுத்து அவரிடம் நீட்டினாள். "தேய்க்கறதுக்கு என் பழைய புடவையைக் கிழிச்சுக் குடுத்ததே நான்தானே. மெழுகுல கால் வச்சா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? விழறதுக்கு முன்னாடியே ரெண்டு தடவை வழுக்கி சமாளிச்சிட்டேன்."

மெருகண்ணன் வாங்கிய சுளை கையிலேயே இருந்தது.

"அப்புறம் ஏன்க்கா அந்தப் பொண்ணை..."

"மெதுவா பேசு." அக்கா கொல்லைப் பக்கம் காதைக் கொடுத்தாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அவன் கோபம் உனக்குத் தெரியாது. நெருப்புக் காட்டின கல்லுதான் வேணும்னு அவன் தலைப்பாடா அடிச்சிக்கிட்டான். நீ மெழுகு வேற போட்டன்னு தெரிஞ்சா அப்புறம் உன்னை இந்த வாசல் ஏற விடுவானா? பொண்டாட்டின்னா நாலு நாள் முறைச்சிட்டு அஞ்சாம் நாள் போய்க் கூட்டிட்டு வந்துடுவான். அவளுக்கு அம்மா இருக்கா, அப்பா இருக்கார், போய் இருந்துட்டு வரட்டும். எனக்குப் பொறந்த வீடுன்னு சொல்லிக்க நீ ஒருத்தன்தான்டா இருக்க."

"அவ உனக்குத் தட்டு எடுக்கறாக்கா."

"எடுக்கறா. நான் இல்லைன்னா சொன்னேன்? நல்ல பொண்ணுதான்." அக்காவின் கண் கலங்கியது. அடுத்த நிமிஷமே துடைத்துக்கொண்டாள். "பெரிசா நியாயம் பேச வந்துட்டான். படி மினுக்கணும்னு கேட்டது நான். அதை என் மகன்கிட்ட சொல்லி, நானும் உன்கூடச் சேந்து அவன் முன்னாடி கை கட்டி நிக்கணுமா? பழத்தைத் தின்னுட்டு வீட்டுக்குப் போ. வாயைத் திறக்காதே. உனக்கு அதுதான் நல்லா வருமே."

அவர் பழத்தைத் தின்றார். அதையும் சொல்லியாக வேண்டும். தின்றுவிட்டு, கொல்லை வழியாகவே போனார்.

மறுநாள் விடிந்து வெயில் முளைத்ததும் ஒரு பையோடு வந்தார். பையில் பல்லுச் சுத்தியல் இருந்தது. அதன் முகம் தட்டையாக இருக்காது. வரிசையாகப் பல் வைத்திருக்கும். மெருகு போட்ட கல்லில் அதை இறக்கினால் ஒவ்வொரு அடிக்கும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளி விழும். போட்ட மெருகைத் தன் கையாலேயே கொத்திக் கெடுப்பது மெருகுக்காரனுக்குச் செய்கூலி இல்லாத வேலை மட்டுமல்ல, செருப்படியும்கூட. மேல்படியில் உட்கார்ந்து ஒரு ஓரத்திலிருந்து கொத்த ஆரம்பித்தார். டக் டக் என்று வீடு முழுக்கக் கேட்டது.

கதவு திறந்தது. அந்தப் பெண் நின்றிருந்தாள். காலருகே ஒரு பெட்டியும் துணிப்பையும் இருந்தன.

"என்ன மாமா, நல்லா இருக்கற கல்லைப் போய்க் கொத்தறீங்க?"

அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். தலை நிமிரவில்லை. "நல்லா இல்லம்மா. நான் இதுல மெழுகு போட்டிருந்தேன். அதுலதான் அக்கா வழுக்கினாங்க. நீ சோப்பு போடல. நேத்து மழையில பாத்தேன், தெரிஞ்சிடுச்சு. என்னை மன்னிச்சிடும்மா."

அவள் கொத்திய புள்ளிகளைக் குனிந்து பார்த்தாள்.

"நான் போடலைன்னு எனக்குத் தெரியும் மாமா. அதை எதுக்கு என்கிட்ட சொல்றீங்க? தெரியாதவர் உள்ள இருக்கார். அவர்கிட்ட சொல்லுங்க."

அவர் எழுந்தார். அதற்குள் சத்தம் கேட்டு அக்கா மகனே வாசலுக்கு வந்துவிட்டான்.

உள்ளேயிருந்து அக்கா குரல் கொடுத்தாள். "தம்பி, உள்ள வாடா. டீ குடிச்சிட்டு அப்புறம் வேலையைப் பாரு. தம்பி, நான் கூப்பிடறது கேக்குதா?"

கேட்டது. மெருகண்ணன் பக்கத்திலிருந்த வாளியிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி, கொத்தாத பக்கம் தெளித்தார். முத்து முத்தாக நின்றது.

"இது மெழுகுடா. நான் போட்டது. சோப்பு பட்டிருந்தா இது நிக்காது. வெறும் மெருகுல வழுக்காதுன்னு ஆஸ்பத்திரியில சொன்னேனே, அது பொய். தெரிஞ்சே சொன்ன பொய். எனக்குப் பயம்."

அவன் குனிந்து உட்கார்ந்து, தண்ணீரை விரலால் தள்ளிப் பார்த்தான். உருண்டோடியது. திரும்பவும் தள்ளிப் பார்த்தான். மாமாவை ஏதோ கேட்கப்போகிறவன்போல வாயைத் திறந்துவிட்டு, மனைவியைப் பார்த்தான். இத்தனை நாளில் அவன் அவள் முகத்தை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"பெட்டியை உள்ள வை" என்றான். "நான்தான்... பெட்டியை உள்ள வைம்மா."

அவள் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பெட்டியைக் கையில் எடுத்தாள்.

"நான் சொன்னப்ப நீங்க நம்பல. கல்லு சொன்னா நம்பறீங்க" என்றாள். "எங்க அம்மா வீடு எங்க இருக்குன்னு எனக்கே தெரியும். நீங்க கொண்டுவந்து விட வேணாம்."

"பெரியம்மா வர்ற வரைக்கும் அம்மாவை யாரு பாத்துப்பா?" என்றான் அவன். வேறு எதையோ சொல்ல வந்தவன் வாயில் அதுதான் வந்தது.

மெருகண்ணன் பெட்டியை வாங்கக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை. கீழ்ப்படி இரண்டும் இன்னும் பளபளவென்று இருந்தன. விழுந்துவிடாதே என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. மேல்படியில் அவர் கொத்தி வைத்திருந்த கையகல இடத்தில் முதலில் கால் வைத்தாள். அப்புறம் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியாக, பாதத்தைப் பக்கவாட்டில் ஊன்றி இறங்கினாள். மழை நாளில் இத்தனை நாளும் அவள் அப்படித்தான் இறங்கியிருக்கிறாள் என்பது அந்த இறக்கத்திலேயே தெரிந்தது. தெருவில் இறங்கியதும் வேகமாக நடந்தாள்.

அக்கா மகன் செருப்பைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். மெருகண்ணன் தனியாக நின்றார். கை முழுக்கக் கல் தூசி படிந்திருந்தது.

உள்ளே அக்காவின் குரல் மறுபடியும் கேட்டது. இந்தத் தடவை தம்பியைக் கூப்பிடவில்லை.

"ஏம்மா, எங்க இருக்க? கொஞ்சம் வாம்மா, தட்டு வைக்கணும். அவசரம்மா. ஏம்மா?"

மெருகண்ணன் உள்ளே போய்க் கதவோரம் நின்றார்.

"அவ போயிட்டாக்கா" என்றார்.

அக்கா அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். அவர் கையைக் கழுவிக்கொண்டு, கட்டிலுக்கு அடியில் குனிந்து தட்டைத் தேடினார்.